கணக்குக் காட்டலும் கணக்குக் கேட்டலும்: இந்தியப் பொதுத் தணிக்கையின் வரலாற்று வளர்ச்சி

முன்னுரை

தணிக்கை என்னும் சொல் இக்காலத் தமிழில் இரு பொருள்களில் வழங்குகிறது. திரைப்படத்தைப் பார்வையிட்டுப் பகுதிகளை நீக்கும் அதிகாரம் ஒன்று. கணக்கைச் சரிபார்த்து அறிக்கை தரும் பணி மற்றொன்று. முன்னதில் தணிக்கையாளருக்கு வெட்டும் ஆற்றல் உண்டு. பின்னதில் அவருக்குக் கண்டதைச் சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. அரசின் செலவை ஆராயும் தணிக்கையாளர் ஒரு செலவை நிறுத்த இயலாது. ஓர் அலுவலரைத் தண்டிக்க இயலாது. வீணான தொகையைத் தாமே மீட்கவும் இயலாது. இவ்வளவு குறுகிய ஆற்றலை உடைய ஒரு பதவி, கடந்த ஒன்றரை நூற்றாண்டில் மேலும் மேலும் விரிந்த வினாக்களைக் கேட்கத் தொடங்கியது. ‘இச்செலவுக்கு ஒப்புதல் உண்டா?’ என்று தொடங்கிய விசாரணை, ‘இச்செலவால் கருதிய பயன் விளைந்ததா?’ என்னும் இடத்திற்கு வந்துள்ளது. வினா வளர்ந்த அளவிற்கு ஆற்றல் வளரவில்லை. ஆதலின் தணிக்கையின் வரலாறு, அதனைக் கேட்போரின் வரலாறாகவும் அமைகிறது. இவ்வளர்ச்சியையும் அதன் எல்லைகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைச் சான்றுகள்

கணக்குக் கேட்டல் காலனிய ஆட்சியோடு இந்தியாவுக்கு வந்த கருத்தன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இரண்டாம் அதிகரணத்தில் கணக்கு அலுவலகத்தின் அமைப்பை விரிவாகக் கூறுகிறது. அரசுப் பொருளைக் கவரும் வழிகள் நாற்பது என்று எண்ணிக் காட்டுகிறது. எனினும் அந்நூலில் கணக்குக் கேட்பவன் அரசனே. கணக்கு அலுவலரிடமிருந்து மேல்நோக்கி அரண்மனைக்குச் செல்கிறது.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும் நிலை இதனின் வேறுபட்டது. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சார்ந்த (கி.பி. 919, 921) இவ்விரு கல்வெட்டுகளும் குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றில் அடங்கிய கணக்கு நெறியும் அதற்கு இணையான கவனத்திற்கு உரியது. ஏதேனும் ஒரு வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாது விட்டவர் மீண்டும் வாரியத்திற்குத் தகுதியற்றவர் ஆகிறார். அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழக்கின்றனர். கணக்கு எழுதுபவன் தான் எழுதிய கணக்கைத் தானே காட்டுதல் வேண்டும். அதனை முடித்துக் கொடுக்க வேறு கணக்கன் புகுதல் கூடாது. கணக்குக் காட்டித் தூயவன் என ஏற்கப்பட்ட பின்னரே அவன் அடுத்த கணக்கை எழுதத் தொடங்கலாம்.

இவ்விதிகளில் இரு கூறுகள் நோக்கத்தக்கன. கணக்குக் கேட்பது சபை. அஃதாவது வாரியத்தாரைத் தேர்ந்த அதே அமைப்பு. கணக்குக் காட்டாமைக்கு உடனடி விளைவு உண்டு. அது பதவி இழப்பாகும். இச்சபை பிராமணர் ஊரின் சபை என்பதும், நிலவுடைமையும் கல்வியும் உறுப்பினர் தகுதிகளாக இருந்தன என்பதும் மறக்கத்தக்கனவல்ல. ஆகவே இதனை இன்றைய மக்களாட்சியின் முன்வடிவம் எனக் கொள்வது மிகையாகும். ஆயினும் கணக்கைக் காட்டுதல், கேட்டல், கேட்டதன் விளைவு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் இணைந்திருந்தமைக்கு இது தெளிவான சான்று. பிற்காலத்தில் இம்மூன்றும் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்து சென்றன.

காலனிய ஆட்சியில் தணிக்கை

1858இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிவுற்று, இந்தியா பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டது. 1860 நவம்பரில் எட்மண்ட் டிரம்மண்ட் முதல் தலைமைத் தணிக்கையாளராகப் பொறுப்பேற்றார். 1884இல் இப்பதவி ‘கட்டுப்பாட்டாளர் மற்றும் தலைமைத் தணிக்கையாளர்’ எனப் பெயர் பெற்றது. இப்பெயருக்கு இங்கிலாந்தில் ஒரு பொருள் உண்டு. அங்கு 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கருவூலத்திலிருந்து பணம் வெளியேறும் முன்னரே அதற்கு நாடாளுமன்ற ஒப்புதல் உண்டா எனப் பார்த்து அனுமதிக்கும் கடமை அவ்வலுவலருக்கு இருந்தது. இந்தியாவில் பெயர் வந்தது, அக்கடமை வரவில்லை. இங்குக் கணக்கு செலவான பின்னரே தணிக்கைக்கு வந்தது. இன்றும் அந்நிலையே தொடர்கிறது.

தொடக்ககாலத் தணிக்கையாளர் அரசுக்கு உள்ளிருந்தே இயங்கினார். லண்டனிலிருந்த ஆட்சியாளருக்கு இந்திய அலுவலர்களின் செலவை அறிவிப்பதே அவரது பணியின் உட்பொருள். செலவுச்சீட்டு உண்டா, ஒப்புதல் ஆணை உண்டா, ஒதுக்கீட்டின் அளவு மீறப்பட்டதா என்பனவே வினாக்கள். வரி செலுத்திய இந்தியர் அவ்வறிக்கையைக் கேட்பார் வரிசையில் இல்லை.

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் தணிக்கையாளர் பதவிக்குச் சட்ட அடிப்படை தந்தது. 1921இல் மைய அரசில் பொதுக் கணக்குக் குழு அமைந்தது. ஆனால் அக்குழுவின் தலைவராக நிதித்துறை உறுப்பினரே இருந்தார். செலவுக்குப் பொறுப்பானவரே செலவைப் பற்றிய விசாரணைக்கும் தலைமை தாங்கிய இந்நிலை 1950 வரை நீடித்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம், கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதியைப் போன்றே தணிக்கையாளரையும் எளிதில் பதவி நீக்க இயலாதபடி பாதுகாத்தது. இவ்வாறு பேசுபவருக்குப் பாதுகாப்பு முதலில் வந்தது. கேட்பவருக்குச் சுதந்திரம் பின்னரே வந்தது.

அரசமைப்பில் தணிக்கையாளர்

இந்திய அரசமைப்பின் 148 முதல் 151 வரையுள்ள பிரிவுகள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரைப் பற்றியன. குடியரசுத் தலைவர் அவரை நியமிக்கிறார். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையிலன்றி அவரை நீக்க இயலாது. அவரது அலுவலக நிர்வாகச் செலவு இந்தியத் தொகுநிதியின் மீது சாற்றப்படுவதால், அது நாடாளுமன்ற வாக்கெடுப்புக்கு உட்படுவதில்லை. பதவி முடிந்த பின் அவர் மைய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி ஏற்கத் தகுதியற்றவர். ஆறு ஆண்டுகள் அல்லது 65 வயது, இவற்றுள் முந்தியது அவரது பதவிக்காலத்தின் எல்லையாகும்.

1949 மே 30 அன்று அரசியல் நிர்ணய சபையில் இப்பிரிவு விவாதிக்கப்பட்டபோது, அரசமைப்பில் இவரே மிக முக்கியமான அலுவலராக இருக்கக்கூடும் என்னும் கருத்தை அம்பேத்கர் வெளியிட்டார். இவரது கடமை நீதித்துறையின் கடமையினும் பெரிது என்றும் கருதினார். நாடாளுமன்றம் ஒப்பிய தொகை, ஒப்பிய நோக்கத்திற்கே செலவாயிற்றா என்பதை உறுதி செய்வார் வேறெவரும் இல்லை என்பதே அக்கருத்தின் அடிப்படை. சுதந்திர இந்தியாவின் முதல் தலைமைத் தணிக்கையாளராக வி. நரஹரி ராவ் 1948 முதல் 1954 வரை பணியாற்றினார்.

இவ்வளவு பாதுகாப்புகளிடையே ஓர் இடைவெளி காணப்படுகிறது. நியமனத்திற்கு உரிய தகுதிகளையோ, தேர்வுக்குழுவையோ அரசமைப்பு கூறவில்லை. நடைமுறையில் தேர்வு ஆட்சியாளர் கையிலேயே உள்ளது. தணிக்கைக்கு உட்படுவோர் தணிக்கையாளரைத் தேர்வது முறையா என்னும் வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மைய அரசுக்கு அறிவிப்பு அனுப்பியது.

கடமைகளை வரையறுக்கும் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. 1976இல் மைய அரசின் கணக்குகளைத் தொகுக்கும் பொறுப்பு தணிக்கையிலிருந்து பிரிக்கப்பட்டது. கணக்கை எழுதுபவரே அதனைச் சரிபார்க்கும் முரண் மைய அளவில் நீங்கிற்று. ஆயினும் பெரும்பாலான மாநிலங்களில் கணக்குத் தொகுப்பு, தணிக்கையாளருக்குக் கீழுள்ள மாநிலக் கணக்காயரிடமே நீடித்தது.

வினாவின் விரிவு

திட்டமிட்ட பொருளாதாரம் தொடங்கிய 1950களில், அணைகளும் எஃகு ஆலைகளும் எழுந்த காலத்தில், தணிக்கையின் எல்லை பற்றிய கருத்து மோதல் எழுந்தது. இந்திய நிர்வாகத்தை ஆய்ந்த அமெரிக்க அறிஞர் பால் ஆப்பிள்பி 1956இல் அளித்த தமது இரண்டாம் அறிக்கையில் தணிக்கையைக் கடுமையாகச் சாடினார். தணிக்கையாளர் அறிந்தது தணிக்கை மட்டுமே. நிர்வாகம் அவர் அறியாதது. அவருக்கு அஞ்சியே அலுவலர் முடிவெடுக்கத் தயங்குகின்றனர் என்பது அவர் வாதத்தின் சாரம். இவ்வாதம் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. தணிக்கைத் தடை வருமோ என்று கோப்பை மேசை மேசையாக நகர்த்தும் அலுவலரை இந்திய நிர்வாகம் நன்கு அறியும். எனினும் அச்சத்தை நீக்கத் தணிக்கையைச் சுருக்குதல் தீர்வாகாது. விதிமீறலை மட்டும் தேடும் தணிக்கையே அத்தகைய அச்சத்தை வளர்க்கிறது. பயனை நோக்கும் தணிக்கையில், துணிந்து நல்ல முடிவெடுத்தவருக்கும் இடம் உண்டு.

உலக அளவிலும் இத்திசையிலேயே மாற்றம் நிகழ்ந்தது. 1977இல் பெரு நாட்டின் லிமா நகரில் கூடிய உயர் தணிக்கை அமைப்புகளின் மாநாடு, தணிக்கையாளரின் சுதந்திரத்தையும் செயல்திறன் தணிக்கையின் இன்றியமையாமையையும் அறிவித்தது. 1983இல் பிரித்தானியச் சட்டம் சிக்கனம், திறன், பயன்விளைவு ஆகிய மூன்றையும் ஆராயும் அதிகாரத்தை வெளிப்படையாகவே வழங்கியது. இந்தியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘செயல்திறன் தணிக்கை’ என்னும் தொடர் இல்லை. 2004இல் வெளிவந்த வழிகாட்டு நெறிகளும் 2007ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் அதற்கு உருவம் தந்தன.

இன்று தணிக்கை மூவகைப்படும். கணக்கறிக்கை உண்மை நிலையைக் காட்டுகிறதா என நோக்குவது நிதித் தணிக்கை. சட்டமும் விதியும் பின்பற்றப்பட்டனவா என நோக்குவது இணக்கத் தணிக்கை. தன் பணத்தைச் செலவிடும் ஒருவர் காட்டும் விழிப்பைப் பொதுப்பணத்திலும் அலுவலர் காட்டினாரா என்னும் வினாவும் இதனுள் அடங்கும். திட்டம் தன் நோக்கத்தை எட்டிற்றா என நோக்குவது செயல்திறன் தணிக்கை.

மூன்றாம் வகை எதனைக் காணவல்லது என்பதற்கு, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடைபெற்ற தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் பற்றிய 2013ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டாகும். ஊரகக் குடும்பம் ஒன்றுக்குக் கிடைத்த வேலை 2009-10இல் 54 நாள்களாக இருந்து 2011-12இல் 43 நாள்களாகக் குறைந்ததை அவ்வறிக்கை சுட்டியது. பீகார், மகாராட்டிரம், உத்தரப்பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் நாட்டின் ஊரக ஏழைகளுள் 46 விழுக்காட்டினர் வாழ்ந்தும், திட்ட நிதியில் ஏறத்தாழ 20 விழுக்காடே அங்குப் பயன்பட்டது என்பதையும் அது வெளிப்படுத்தியது. இவ்விரு செய்திகளும் எந்தச் செலவுச்சீட்டிலும் எழுதப்பட்டிருப்பன அல்ல. ஒவ்வொரு செலவுச்சீட்டும் சரியாக இருந்திருந்தாலும், மிகுந்த தேவை உள்ள இடத்திற்குப் பணம் செல்லவில்லை என்னும் உண்மை மாறாது. விதிநோக்கிய தணிக்கையின் கண்ணுக்கு இது தப்பிவிடும்.

தணிக்கை நடைபெறும் முறை

அரசின் எல்லாச் செலவுகளையும் முழுமையாகச் சரிபார்த்தல் இயலாது. ஆகவே செலவின் அளவு, முந்தைய குறைகள், இடர்ப்பாட்டின் வாய்ப்பு ஆகியவற்றைக் கொண்டு எத்துறையை, எத்திட்டத்தை ஆராய்வது என்று முடிவு செய்யப்படுகிறது. பின் மாவட்டங்களும் அலுவலகங்களும் மாதிரிகளாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. செயல்திறன் தணிக்கையில், தொடக்கக் கூட்டத்தில் எந்த அளவுகோல்களால் திட்டம் மதிப்பிடப்படும் என்பது துறையினருக்கு அறிவிக்கப்படுகிறது. களத்தில் கோப்புகள், கருவூலப் பதிவுகள், பயன்பாட்டுச் சான்றிதழ்கள் ஆகியன ஆராயப்படுகின்றன. கட்டடமோ கால்வாயோ உண்மையில் உள்ளதா எனத் துறை அலுவலருடன் சேர்ந்து நேரில் பார்வையிடுவதும், பயனாளிகளை வினவுவதும் உண்டு.

கண்டறிந்தவை முதலில் வினாக்களாகவும், பின் ஆய்வறிக்கையாகவும், அதன்பின் வரைவுப் பத்தியாகவும் துறைக்குச் செல்கின்றன. வரைவுப் பத்திக்கு மறுமொழி தர மைய அரசுத் துறைச் செயலருக்கு ஆறு வாரம் தரப்படுகிறது. முடிவுக் கூட்டத்தில் கருத்து வேறுபாடுகள் பேசப்படுகின்றன. துறையின் விளக்கமும், அதனை ஏற்காமைக்கான காரணமும் இறுதி அறிக்கையில் இடம்பெறுகின்றன. எதிர்த்தரப்பைக் கேளாது எழுதலாகாது என்பதே இந்நெறியின் அடிப்படை. இந்நெறி பற்றிய பூசலே 2021இல் கேரளத்தில் எழுந்தது. அம்மாநில உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியத்தின் கடன் குறித்த தணிக்கைப் பகுதிகள் தம் விளக்கம் கேளாமல் எழுதப்பட்டன என்று மாநில அரசு வாதிட்டது. அப்பகுதிகளை ஏற்க மறுத்துச் சட்டமன்றம் அவ்வாண்டு ஜனவரியில் தீர்மானம் நிறைவேற்றியது.

சொல்லும் விளைவும்

தணிக்கையாளரின் சொல் எப்போது பயன் தருகிறது என்பதை மூன்று நிகழ்வுகளால் அறியலாம்.

பீகாரில் கருவூலங்கள் மாதக் கணக்கு அனுப்புவதில் தாமதம் செய்வதை 1985ஆம் ஆண்டிலேயே அப்போதைய தலைமைத் தணிக்கையாளர் டி. என். சதுர்வேதி சுட்டிக்காட்டினார். கணக்கின் தாமதம் முறைகேட்டின் அடையாளமாக இருக்கலாம் என்பது அவ்வெச்சரிக்கையின் பொருள். கால்நடைத் துறையில் போலிப் பட்டியல்களால் பெருந்தொகை எடுக்கப்பட்ட கால்நடைத் தீவன ஊழல் 1996 ஜனவரியில்தான் வெளிப்பட்டது. இடையில் கழிந்த பத்தாண்டு, கேளாமையின் விலையாகும்.

1989 ஜூலையில் போபர்ஸ் பீரங்கிக் கொள்முதல் பற்றிய அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதனை முன்னிட்டு எதிர்க்கட்சியினர் மக்களவையிலிருந்து கூட்டாகப் பதவி விலகினர். இங்கு அறிக்கை உடனே கேட்கப்பட்டது. ஆயின் அதனைக் கேட்டது தேர்தல் களம். பொதுக் கணக்குக் குழுவின் அமைதியான விசாரணைக்கு இடம் சுருங்கிற்று.

2010 நவம்பரில் வைக்கப்பட்ட இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை அறிக்கை, அரசு இழந்திருக்கக்கூடிய வருவாயைப் பல அளவுகோல்களால் மதிப்பிட்டு, 57,666 கோடி ரூபாய் முதல் 1,76,645 கோடி ரூபாய் வரை பல தொகைகளைக் காட்டியது. பொதுமக்கள் நினைவில் நின்றது மிகப்பெரிய தொகை மட்டுமே. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை நீக்கியது. 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. அதன்மேல் தொடுத்த மேல்முறையீடுகளை 2024இல் தில்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. ஒதுக்கீட்டு முறை தவறானது என்பது ஒரு தீர்ப்பு. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது மற்றொரு தீர்ப்பு. தணிக்கை மதிப்பீடு இவ்விரண்டின் வேறான மூன்றாவது பொருள். அது குற்றப்பத்திரிகையும் அன்று, கையாடப்பட்ட தொகையின் கணக்கும் அன்று. இவ்வேறுபாடு மறைந்தபோது தணிக்கையின் மதிப்பு முதலில் மிகையாகவும் பின்னர்க் குறைவாகவும் எடைபோடப்பட்டது.

நீதிமன்றம் வகுத்த எல்லை

செயல்திறன் தணிக்கை அரசமைப்புக்கு முரணானது என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தணிக்கையாளர் வரவு செலவு எழுதும் கணக்குப்பிள்ளை அல்லர் என்பது அப்போது நீதிபதிகள் தெரிவித்த கருத்து. 2014இல், அரசோடு வருவாயைப் பகிரும் தனியார் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கணக்கையும் அப்பகிர்வின் பொருட்டு அவர் ஆராயலாம் என அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மறுபுறம், தமிழ்நாட்டில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி முதலியவற்றை இலவசமாக வழங்கும் தேர்தல் வாக்குறுதிகள் பற்றிய வழக்கில், 2013 ஜூலையில் வேறோர் எல்லை வகுக்கப்பட்டது. செலவு நிகழ்ந்த பின்னரே தணிக்கையாளரின் கடமை தொடங்குகிறது. அரசு எக்கொள்கையைத் தேர வேண்டும் என்று அவர் முன்கூட்டிக் கூற இயலாது என்பது அதன் சாரம். அத்தீர்ப்பையே மறு ஆய்வு செய்யும் வினா 2022இல் மூவர் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. கொள்கையின் நன்மை தீமையை மக்களும் அவையும் முடிவு செய்ய, அக்கொள்கை நிறைவேறிய விதத்தைத் தணிக்கை ஆராயும் என்னும் பிரிவினை இவ்வழக்குகளால் பெறப்படுகிறது.

கேட்போரின் கடமை

அறிக்கையைக் கேட்கும் முதற்பொறுப்பு பொதுக் கணக்குக் குழுவுக்கு உரியது. மக்களவையின் 15 உறுப்பினரும் மாநிலங்களவையின் 7 உறுப்பினரும் அதில் இடம்பெறுகின்றனர். 1967இல் எம். ஆர். மசானி தலைவரானது முதல், எதிர்க்கட்சியைச் சார்ந்த ஒருவர் தலைமை ஏற்பது மரபாயிற்று. இது சட்டத்தால் வந்ததன்று, வழக்கத்தால் வந்தது.

அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்று 151ஆம் பிரிவு கூறுகிறது. எத்தனை நாளுக்குள் என்று கூறவில்லை. தில்லியில் 14 அறிக்கைகள் இவ்வாறு தேங்கி நின்றன. 2025 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் இத்தாமதத்தைக் கண்டித்தது. ஆயினும் அவையைக் கூட்டுமாறு ஆணையிட மறுத்தது. ஆட்சி மாறிய பின் பிப்ரவரி 25 அன்றுதான் முதல் அறிக்கை அவைக்கு வந்தது. தணிக்கைக்கு உட்பட்ட ஆட்சி பதவியில் இருந்தபோது மக்கள் அறியவேண்டியதை, அது நீங்கிய பின் அறிந்தனர்.

கேட்போர் வட்டத்தை விரிக்கும் முயற்சி அடித்தளத்திலும் நிகழ்ந்தது. 1994இல் இராசத்தானத்தில் உழவர், தொழிலாளர் அமைப்பொன்று கிராமப் பொதுவிசாரணைகளைத் தொடங்கிற்று. கூலிப் பட்டியல் ஊரார் முன் உரக்கப் படிக்கப்பட்டது. பெயர் பதிவான ஒருவர் தாம் அவ்வேலைக்கே போகவில்லை என எழுந்து கூறினார். 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் இதனைச் சமூகத் தணிக்கை எனச் சட்டமாக்கியது. தலைமைத் தணிக்கையாளரைக் கலந்து 2011இல் விதிகள் வகுக்கப்பட்டன.

முடிவுரை

மேற்கண்டவற்றால், இந்தியப் பொதுத் தணிக்கை கேட்கும் வினா ஒப்புதலிலிருந்து பயனுக்கு விரிந்தமை அறியலாகிறது. அதன் சுதந்திரம் சட்டத்தாலும் அரசமைப்பாலும் படிப்படியாக வலுப்பெற்றது. ஆயினும் அது சொல்லும் சொல் பயனுறுவது, அறிக்கை காலத்தில் அவைக்கு வருவதையும், அவை அதனைக் கட்சிச் சார்பின்றி ஆராய்வதையும் பொறுத்தே உள்ளது. தணிக்கையாளருக்குத் தண்டிக்கும் அதிகாரம் தருதல் இதற்குத் தீர்வாகாது. குற்றம் காண்பவரே தீர்ப்பும் அளிப்பின் நடுநிலை கெடும். அறிக்கையை அவையில் வைக்கக் காலவரையறை, நியமனத்திற்கு வெளிப்படையான தேர்வு முறை, குழுவின் பரிந்துரைக்கு அரசு மறுமொழி தந்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் ஆகிய மூன்றும் கேட்போர் தரப்பை வலுப்படுத்தும். உத்தரமேரூர்ச் சபையில் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்திற்கு வர இயலவில்லை. கணக்குக் கேட்பது அச்சபையின் சொந்தக் கடமையாக இருந்ததே அதற்குக் காரணம் எனலாம்.